புதைந்த குழாய்களையும் கேபிள்களையும் மின்னணுக் கருவிகளால் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலோ தமிழ்நாட்டின் வேறெந்த நகரத்திலோ சாலையோரம் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்தால், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்வாரியக் கேபிள், தொலைபேசிக் கேபிள், அண்மைக் காலமாக எரிவாயுக் குழாய் என எது வேண்டுமானாலும் குறுக்கே வரலாம். தோண்டும் முன்பே அவற்றைத் தரையின் மேலிருந்து கண்டறிய உதவும் கருவிகளைப் பற்றி வீட்டு உரிமையாளர்களும் ஒப்பந்ததாரர்களும் உள்ளாட்சிப் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

இந்தக் கருவிகள் உண்மையில் எதைக் கண்டறிகின்றன? குழாயையா?

இல்லை. கேபிள் லொக்கேட்டர் எனப்படும் கருவி, உலோகக் குழாயிலோ கேபிளிலோ ஓடும் மாறுதிசை மின்னோட்டத்தைச் சுற்றி எழும் காந்தப்புலத்தைத்தான் உணர்கிறது. அதில் இரண்டு பகுதிகள் உண்டு: குழாயிலோ கேபிளிலோ சிக்னலை ஏற்றும் டிரான்ஸ்மிட்டர், தரையின் மேலிருந்து அதைக் கேட்கும் ரிசீவர். மின்னோட்டம் ஓடாத குழாய், எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதன் காதுக்குக் கேட்காது. தரை ஊடுருவும் ரேடார் என்னும் மற்றொரு வகைக் கருவி ரேடியோ துடிப்புகளை மண்ணுக்குள் அனுப்பி, தன்மை மாறும் இடங்களிலிருந்து திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. அங்கே எதிரொலிப்பது குழாயாகவும் இருக்கலாம், பாறையாகவும் இருக்கலாம், பழைய கட்டடத்தின் அடித்தளமாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டு கருவிகளும் தருவது ஓர் அறிகுறியை மட்டுமே. அது இன்னதுதான் என்று முடிவு செய்வது கருவியைப் பிடித்திருப்பவரின் வேலை. "சிக்னல் இல்லை" என்பதை "குழாய் இல்லை" என்று எடுத்துக்கொள்வதே இந்தத் தொழிலில் நேரும் பெரும்பாலான விபத்துகளுக்குத் தொடக்கம்.

மெட்டல் டிடெக்டர் இருந்தால் போதாதா?

போதாது. மெட்டல் டிடெக்டர் தன் சுருளுக்குக் கீழே சில பத்துச் சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள உலோகத்தையே அறியும். ஆனால் ஒரு வேலைக்கு அது மிக நன்றாகப் பயன்படுகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு உயர்ந்துபோன நம் சாலைகளில், மேன்ஹோல் மூடிகளும் வால்வு மூடிகளும் புதைந்து கிடக்கின்றன. அவற்றை மெட்டல் டிடெக்டரால் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு வால்வு கிடைத்துவிட்டால், அதுவே லொக்கேட்டரை இணைக்கும் முனையாகிவிடும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

டிரான்ஸ்மிட்டர் இல்லாமல், ரிசீவரை மட்டும் வைத்துத் தேடலாமா?

தேடலாம், முதல் சுற்றை அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. ரிசீவரில் மின் முறை, ரேடியோ முறை என இரண்டு உண்டு. மின் முறை, கேபிளில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தையும் அதன் மடங்குகளையும் கேட்கிறது. சுமை ஏதும் இல்லாமல் மின்னழுத்தம் மட்டும் உள்ள கேபிளில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாததால், தொட்டால் உயிரைப் பறிக்கும் அந்தக் கேபிள் ரிசீவருக்கு ஊமையாகவே இருக்கும். மூன்று கட்டங்களும் (ஃபேஸ்) சமமாகச் சுமையேற்றப்பட்ட உயரழுத்தக் கேபிளிலும் புலங்கள் ஒன்றையொன்று பெருமளவு நீக்கிக்கொள்வதால் இதே நிலைதான். வீட்டு வளாகத்தில் சர்வீஸ் கேபிளைத் தேடும்போது கீசரையோ மோட்டாரையோ ஓடவிட்டுத் தேடுவது இதனால்தான். அப்போதும் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒரே கேபிளுக்குள் இருப்பதால் மிச்சமாகும் சிறு புலமே கிடைக்கும்.

ரேடியோ முறை சற்றுச் சுவையானது. ஏறக்குறைய 15 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த அதிர்வெண் ஒலிபரப்புகள் தரைக்குள்ளும் சிறிது இறங்கி, நீண்ட உலோகக் குழாய்களில் மின்னோட்டத்தைத் தூண்டுகின்றன. ரிசீவர் அதைக் கேட்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களோடு தொடர்புகொள்ளக் கடற்படை இத்தகைய அலைகளைப் பயன்படுத்துகிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புவது அதற்காகவே. நீர்மூழ்கிக்கு அனுப்பிய அலை, தெருவில் குழாய் தேடுபவருக்கும் இப்படி உதவிவிடுகிறது. இருந்தாலும் இந்த முறையால் "இங்கே ஏதோ நீளமான உலோகம் உள்ளது" என்று மட்டுமே சொல்ல முடியும். அது எது என்று சொல்ல முடியாது.

டிரான்ஸ்மிட்டரை எப்படி இணைப்பது? எந்த முறை சிறந்தது?

மூன்று முறைகள் உள்ளன. வாய்ப்புள்ள இடத்தில் எல்லாம் முதலாவதையே கையாள வேண்டும் என்பது என் கருத்து. அது நேரடி இணைப்பு: டிரான்ஸ்மிட்டரின் ஒரு கம்பியை வால்விலோ குழாயின் வெளித்தெரியும் பகுதியிலோ துருவைச் சுரண்டிவிட்டு மாட்ட வேண்டும், மறு கம்பியைத் தரையில் அடித்த இரும்பு முளையில் மாட்ட வேண்டும். முளை, குழாய் செல்லும் திசைக்குச் செங்குத்தாகச் சில மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வசதிக்காக அருகில் உள்ள இரும்பு வேலியிலோ வேறொரு குழாயிலோ மாட்டிவிட்டால், மின்னோட்டம் அந்த வழியாகவே திரும்பி, தேவையில்லாத இடத்தில் எல்லாம் சிக்னல் காட்டும். கோடையில் காய்ந்த மண்ணில் முளை சரியாகப் பிடிக்காது. அடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மின்னோட்டம் கணிசமாக உயரும். மின்சாரம் உள்ள கேபிளில் இந்த முறையை ஒருபோதும் கையாளக் கூடாது. சாலையோர மின் விநியோகப் பெட்டியான பில்லர் பாக்ஸைத் திறப்பதும் மின்வாரிய ஊழியரின் வேலையே தவிர நம்முடையது அன்று.

இரண்டாவது, கிளாம்ப் முறை. கேபிளைச் சுற்றி வளையம் போல் மாட்டினால், உறையை வெட்டாமலே சிக்னல் ஏறும். கேபிளின் இரு முனைகளும் தரையிணைப்புப் பெற்றிருந்தால் இது நன்றாக வேலை செய்யும். மூன்றாவது, தூண்டல் முறை: டிரான்ஸ்மிட்டரைக் குழாய் இருக்கும் என்று கருதும் இடத்தின் மேல் தரையில் வைத்துவிட்டால் போதும். எளிது என்பதால் பலரும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் அடியில் உள்ள எல்லா உலோகத்திலும் சிக்னல் ஏறிவிடும் என்பது ஒரு குறை. ரிசீவர் குறைந்தது 10 மீட்டராவது தள்ளி இருந்தாலொழிய, மண்ணுக்குள்ளிருந்து வருவதை விட்டுவிட்டு டிரான்ஸ்மிட்டரிலிருந்து காற்று வழியாக நேரே வருவதையே அது படிக்கும்.

எந்த அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுப்பது?

முடிந்தவரை தாழ்ந்ததை. 512 ஹெர்ட்ஸ், 640 ஹெர்ட்ஸ் போன்றவை நீண்ட தூரம் செல்லும், பக்கத்துக் குழாய்களுக்குத் தாவுவது குறைவு. ஆனால் அவற்றைச் செலுத்த நேரடி இணைப்பு வேண்டும். பொதுவான வேலைகளுக்கு 8 கிலோஹெர்ட்ஸும் 33 கிலோஹெர்ட்ஸும் பொருந்தும்.

இங்கே குழாயின் இணைப்பு வகை முக்கியமாகிறது. ஈயம் உருக்கி ஊற்றி அடைத்த பழைய வார்ப்பிரும்புக் குழாய்களில் மின்னோட்டம் இணைப்புகளைக் கடந்து ஓடிவிடும். பிற்காலத்து டக்டைல் அயர்ன் குழாய்களில் ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் வளையம் இருப்பதால், சில மீட்டருக்கு ஒருமுறை மின்பாதை அறுபடுகிறது. 65 அல்லது 83 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண்கள் அந்த இடைவெளியைத் தாண்டும். அதே தாவும் குணத்தால் அருகிலுள்ள கேபிளுக்கும் சென்றுவிடும். உயர்ந்த அதிர்வெண்ணில் கிடைத்த முடிவை எப்போதும் ஒருபடி சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

பி.வி.சி., எச்.டி.பி.இ. குழாய்களையும் கண்ணாடியிழைக் கேபிள்களையும் லொக்கேட்டர் காட்டுமா?

தானாகக் காட்டாது. பிளாஸ்டிக் குழாயோடு சேர்த்து ஒரு செப்புக் கம்பியைப் புதைத்து, அதன் முனையை வால்வுப் பெட்டியில் கொண்டுவந்து விட்டிருந்தால், அந்தக் கம்பியில் சிக்னல் ஏற்றிக் குழாயைத் தொடரலாம். இடும்போது மிகச் சிறிய செலவு. இடாமல் விட்டால் பின்னர் வருபவர்களுக்குப் பெருந்தொல்லை. நம் ஊர்த் தெருக்களில் பதிக்கப்படும் பிளாஸ்டிக் குடிநீர்க் குழாய்களில் இதை வலியுறுத்துவோர் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

உள்ளே நுழைய வழி இருந்தால் இன்னும் இரண்டு உபாயங்கள் உண்டு. செப்புக் கம்பி பொதிந்த கண்ணாடியிழைத் தடியைக் காலியான டக்டுக்குள் (கேபிள் இழுப்பதற்காகப் புதைத்த குழாய்க்குள்) தள்ளி, அதில் சிக்னல் ஏற்றலாம். அல்லது சோன்டு எனப்படும் விரல் அளவுள்ள சிறு டிரான்ஸ்மிட்டரைக் கழிவுநீர்க் குழாய்க்குள் அனுப்பி, அது நிற்கும் இடத்தை மேலிருந்து கண்டறியலாம். வார்ப்பிரும்புக் குழாய்க்குள் அனுப்பும் சோன்டுக்கு 512 ஹெர்ட்ஸ் வேண்டும். 33 கிலோஹெர்ட்ஸ் உலோகச் சுவரைக் கடந்து வராது. சோன்டைத் தேடும்போது ரிசீவரின் தட்டையான கீழ்ப்பகுதியைக் குழாயின் திசையோடு ஒத்துப் பிடிக்க வேண்டும். உண்மையான உச்சத்துக்கு முன்னும் பின்னும் சிறிய பொய் உச்சங்கள் தோன்றும் என்பதால், மூன்றையும் கண்டு நடுவில் உள்ளதையே கொள்ள வேண்டும்.

ஜி.பி.ஆர். எனப்படும் தரை ஊடுருவும் ரேடார் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்கிறார்களே?

விற்பனையாளர்கள் சொல்வது அது. ரேடார் உலோகம், பிளாஸ்டிக், கான்கிரீட் என்ற வேறுபாடின்றிக் காணக்கூடியது என்பது உண்மையே. ஆனால் அது காண்பதை மண் அனுமதிக்க வேண்டும். மின்சாரத்தைக் கடத்தும் மண் ரேடியோ அலையை விழுங்கிவிடும். காய்ந்த மணலில் சில மீட்டர் வரை தெளிவாகக் காட்டும் கருவி, ஈரக் களிமண்ணில் ஒரு மீட்டரைக் கூடத் தொடாமல் போகலாம். உப்புநீர் மட்டத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடற்கரை மணல் பகுதிகளில் மேல் அடுக்கில் நல்ல படம் கிடைக்கும்; வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கத்துச் சதுப்பு மண்ணில் அதே கருவி ஏமாற்றும். ஒரே தெருவை மே மாதத்தில் அளப்பதும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் டிசம்பரில் அளப்பதும் ஒரே விளைவைத் தரமாட்டா.

குழாயைக் குறுக்காகக் கடந்து ரேடார் வண்டியைத் தள்ளினால், திரையில் கவிழ்த்த வில் போன்ற ஒரு வளைவு தோன்றும்; அதன் உச்சியே குழாயின் இடம். குழாயின் நீளத்தோடு சேர்ந்து தள்ளினால் வளைவு தோன்றாது. மண் அடுக்கு போன்ற கோடுதான் தெரியும். ஆகவே நெடுக்காகவும் குறுக்காகவும் கட்டம் போட்டு நடக்க வேண்டும். ஒரே ஒரு வளைவைக் கண்டு குழாய் என்று குறிக்கக் கூடாது. அடுத்தடுத்த கோடுகளில் வளைவுகள் வரிசையாக அமைந்தால்தான் அது நீண்ட பொருள் என்று கொள்ளலாம். ஆன்டெனாவின் அதிர்வெண்ணிலும் பேரம் உண்டு: 250 மெகாஹெர்ட்ஸ் ஆழம் செல்லும், சிறிய குழாய்களைத் தவறவிடும், 700 மெகாஹெர்ட்ஸ் சிறியவற்றையும் காட்டும், ஆழம் செல்லாது. அதனால்தான் பல வண்டிகளில் இரண்டையும் சேர்த்து வைக்கிறார்கள்.

கருவி காட்டும் ஆழத்தை நம்பித் தோண்டலாமா?

கூடாது. ரேடாரிலும் லொக்கேட்டரிலும் இதற்கான காரணங்கள் வேறுவேறு.

ரேடார் அளப்பது நேரத்தை மட்டுமே. அலையின் வேகத்தை நாம் கொடுத்தால் அது ஆழமாக மாற்றித் தருகிறது. காற்றில் ஒரு நானோநொடிக்கு 0.3 மீட்டர் செல்லும் அலை, ஓரளவு காய்ந்த மண்ணில் 0.1 மீட்டரும் ஈரக் களிமண்ணில் 0.06 மீட்டரும் செல்லும். எதிரொலி போய்த் திரும்ப 20 நானோநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவியில் 0.1 என்று வைத்திருந்தால் திரையில் 1 மீட்டர் என்று வரும். மண் உண்மையில் ஈரக் களிமண்ணாக இருந்தால் குழாய் 60 சென்டிமீட்டரிலேயே இருக்கும். பிழை ஆபத்தான பக்கத்திலேயே விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மேன்ஹோலில் நேரில் அளக்க முடிந்த ஒரு குழாயை வைத்தோ, வளைவின் வடிவத்தோடு பொருத்தியோ வேகத்தைச் சரிசெய்த பிறகே ஆழத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

லொக்கேட்டர் காட்டுவது குழாயின் மையத்தின் ஆழம். 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு 1.2 மீட்டர் என்று காட்டினால் அதன் மேல்விளிம்பு 90 சென்டிமீட்டரில் இருக்கிறது. மேலும், பக்கத்தில் இன்னொரு கேபிள் ஓடினால் புலம் வளைந்து, இடமும் ஆழமும் இரண்டும் பிழையாகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ரிசீவரின் ஒரு முறையில் சிக்னல் உச்சம் காட்டும் இடத்தையும், மற்றொரு முறையில் சிக்னல் மிகக் குறைந்து சுழி காட்டும் இடத்தையும் தனித்தனியே குறித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் புலம் சீராக உள்ளது; விலகி நின்றால் அங்கே காட்டும் ஆழத்தை எழுதவே கூடாது. வளைவுகளிலும் டீ இணைப்புகளிலும் ஆழம் அளக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

ஒரே பள்ளத்தில் பல கேபிள்கள் இருந்தால் எது எது என்று பிரித்தறிய முடியுமா?

ஓரளவு முடியும். எந்தக் கோட்டில் மின்னோட்டம் அதிகமோ அதுவே பெரும்பாலும் நாம் இணைத்த கேபிள். சிக்னல் வலிமையை மட்டும் பார்த்தால், ஆழம் குறைந்த வேறொரு கேபிள் வலுவாகத் தெரிந்து ஏமாற்றும். மின்னோட்டத்தின் திசையைக் காட்டும் வசதியுள்ள கருவிகள் இதற்கு நன்கு உதவும். ஆனால் கேபிளை வெட்ட வேண்டிய வேலையாக இருந்தால், லொக்கேட்டர் காட்டியது என்பதற்காக எவரும் வெட்டக் கூடாது. மின்வாரியத்தார் மின்சாரத்தைத் துண்டித்து, தரையிணைத்து, தொலைவிலிருந்து இயக்கும் துளைப்பான் கொண்டு கேபிளைக் குத்திச் சோதித்த பிறகே வெட்டுவது முறை.

குச்சியும் தேங்காயும் வைத்துப் பார்ப்பவர்கள் குழாயையும் சரியாகச் சொல்கிறார்களே?

1990-இல் ஜெர்மனியின் காசல் நகரில் இதையே சோதித்தார்கள். 50 சென்டிமீட்டர் ஆழத்தில் பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, அதில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லுமாறு 30 குச்சிக்காரர்களைக் கேட்டார்கள். முன்கூட்டியே தங்கள் திறமையில் உறுதி தெரிவித்திருந்த அவர்களின் விடைகள், நாணயத்தைச் சுண்டிச் சொல்வதைவிட மேலாக அமையவில்லை. இத்தனைக்கும் 2017-இல் இங்கிலாந்தின் பெரிய குடிநீர் நிறுவனங்கள் பல, தங்கள் ஊழியர்களில் சிலர் இன்னும் குச்சி பிடிக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டன. அனுபவமுள்ள ஊழியர் வால்வு, மூடி, ரோட்டில் பழைய வெட்டுத் தழும்பு ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே குழாயின் போக்கை ஊகித்துவிடுவார். பெயர் குச்சிக்குப் போகிறது.

எந்தக் கேபிள் எவ்வளவு ஆழத்தில் இருக்கும்? வரைபடம் கிடைக்குமா?

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1255-இன்படி தாழழுத்தக் கேபிள்கள் 0.75 மீட்டரிலும், 3.3 முதல் 11 கிலோவோல்ட் வரையிலானவை 0.9 மீட்டரிலும், 22, 33 கிலோவோல்ட் கேபிள்கள் 1.05 மீட்டரிலும் இருக்க வேண்டும். பி.எஸ்.என்.எல். கண்ணாடியிழைக் கேபிள்களுக்கு வழக்கமாக 1.65 மீட்டர். இவை இட்ட நாளின் கணக்கு. அதன் பிறகு சாலை உயர்ந்திருக்கலாம், நடைபாதை வெட்டித் தாழ்த்தப்பட்டிருக்கலாம். பள்ளம் எடுக்காமல் கிடைமட்டத் துளையிடும் எந்திரத்தால் இழுத்த கேபிள்கள், நடுவில் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கி முனைகளில் மேலேறும். அவற்றுக்கு இந்த அளவுகள் பொருந்தா.

வரைபடங்களை மின்வாரியம், குடிநீர் வாரியம், தொலைத்தொடர்பு நிறுவனங்கள், எரிவாயு நிறுவனம் ஆகியோரிடம் தனித்தனியே கேட்க வேண்டும். இதோடு, 2023 மார்ச் 22 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய "கால் பிஃபோர் யூ டிக்" செயலியில் தோண்டும் இடத்தைப் பதிந்தால், அங்கே உடைமை வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். ஒருங்கிணைப்பில்லாத தோண்டலால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அப்போது அரசு கூறியது. செயலியில் பதிவாகாத உடைமைகளும் மண்ணில் உண்டு என்பதால், விடை வராததை அனுமதியாகக் கொள்ள வேண்டாம்.

அளவீட்டின் துல்லியத்தை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது?

பிரிட்டனின் பி.ஏ.எஸ். 128 என்னும் விவரக்குறிப்பை முன்மாதிரியாகக் கொள்ளலாம். 2014-இல் வெளியாகி 2022-இல் திருத்தப்பட்ட அது, தரத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: பதிவேடுகளை மட்டும் பார்த்தது, களத்தில் நேரில் பார்வையிட்டது, கருவியால் கண்டறிந்தது, தோண்டிப் பார்த்து உறுதி செய்தது. முதற்பதிப்பின்படி, கருவியால் கண்டறிந்ததில் உயர்ந்த தரத்துக்கே கிடைமட்டத்தில் 150 மில்லிமீட்டர் அல்லது ஆழத்தின் 15 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது அனுமதிக்கப்படுகிறது. 50 மில்லிமீட்டருக்குள் வேண்டுமென்றால் தோண்டித்தான் பார்க்க வேண்டும். "நூறு சதவீதத் துல்லியம்" என்று எழுதித் தருபவரிடம் வேலையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

கேபிளில் பழுது, குழாயில் கசிவு இருந்தால் இதே கருவிகள் காட்டுமா?

பொதுவாகக் காட்டா. அவற்றுக்குத் தனிக் கருவிகளும் தனித் தேர்ச்சியும் வேண்டும். ஆனால் எந்தப் பழுதையும் தேடும் முன் அந்தத் தடத்தை லொக்கேட்டரால் குறித்துக்கொள்வது வழக்கம்.

சோதனைக் குழியை எப்படி எடுப்பது?

கையால் மட்டுமே, ஜே.சி.பி. அந்த இடத்தில் நிற்கவே வேண்டாம். குறித்த கோட்டுக்கு நேர் மேலே குத்தாமல், சற்றுப் பக்கத்தில் இறங்கி, குழாயை நோக்கிக் கிடைமட்டமாக மண்ணைத் தள்ளிக்கொண்டு செல்ல வேண்டும். கேபிளுக்கு எமன் கடப்பாரைதான். தாரையும் கான்கிரீட்டையும் உடைத்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு மண்வெட்டிக்கு மாற வேண்டும். இடையில் செங்கல் வரிசையோ, சுற்றியுள்ள மண்ணுக்குப் பொருந்தாத சுத்தமான மணலோ, எச்சரிக்கை நாடாவோ தென்பட்டால் கேபிள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு 20, 30 சென்டிமீட்டர் இறங்கியதும் ரிசீவரைக் குழிக்குள் இறக்கி மறுபடி பார்க்க வேண்டும். மேலிருந்து ஒன்றாகத் தெரிந்தது அருகில் போனதும் இரண்டாகப் பிரிவது அரிதன்று. எரிவாயு வாடை வந்தால் கருவியையும் செல்பேசியையும் அங்கே இயக்காமல் விலகி நின்று எரிவாயு நிறுவனத்தை அழைக்க வேண்டும்.

கண்டறிந்ததைத் தரையில் எப்படிக் குறிப்பது, எதை எழுதித் தருவது?

அமெரிக்காவில் மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை என்று வழங்கும் நிறங்களையே இங்கும் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. எந்த நிறம் எதற்கு என்பதை அந்தந்த வேலையின் வரைபடத்தில் எழுதிவிட வேண்டும். கூலித் தொழிலாளருக்கும் வாயால் சொல்லிவிட வேண்டும். கருவியால் உறுதியாகத் தொடர்ந்த பகுதிக்கு முழுக் கோடும், வரைபடத்தை நம்பி இணைத்த பகுதிக்கு விட்டுவிட்டு இடும் கோடும் போடுவது நல்ல பழக்கம். சிக்னல் அறுந்துபோன இடத்தைக் காலியாக விடாமல் கேள்விக்குறி இட்டு நிறுத்த வேண்டும். தரைச் சாயம் ஒரு மழைக்கும் ஒரு வாரப் போக்குவரத்துக்கும் தாங்காது. ஆகவே அன்றே மின்கம்பம், மதில் மூலை, மேன்ஹோல் மையம் போன்ற அசையாத புள்ளிகளிலிருந்து நாடா பிடித்து அளந்து, பயன்படுத்திய முறை, அதிர்வெண், மண்ணின் ஈரநிலை, நாள் ஆகியவற்றோடு தாளில் ஏற்றிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.